கரை தாண்டினால் போன் கைகொடுக்குமா? வடசென்னைக்காரர்களுக்கான 10 கேள்வி-பதில்கள்

காசிமேட்டில் ஈரக் கையோடு எடுக்கிறோம். எண்ணூரில் தூசி படிந்த டேபிளில் வைக்கிறோம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியின் கண்ணாடிக்குக் கீழே, சுடும் வெயிலில் மாட்டி வைக்கிறோம். மணலியில் ஆலை கேட்டில் ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்குகிறோம். எல்லா இடத்திலும் அதே போன்தான்.

ஆனால் கடையில் அதை விற்கும்போது சொல்லும் கேமரா, ராம், கேமிங் கதையெல்லாம் ஏசி அறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கானது. உப்பு, தூசி, வெயில், எரிவாயு இவற்றுக்கு நடுவே வேலை பார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்விகளே வேறு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ளவர்களுக்கு, ஸ்மார்ட்போனோ, டேப்லெட்டோ, துறைமுக யார்டில் பயன்படுத்தும் ஸ்கேனரோ, எந்தக் கையடக்கக் கணினியை வாங்கும் முன்பும் வரக்கூடிய 10 சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்வோம்.

1. அப்பா காசிமேட்டுல விசைப்படகுல போறார். பட்ஜெட் 20,000 ரூபாய். எந்த போன் வாங்கித் தரலாம்?

மாடல் பெயருக்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு போடலாம். செல்போன் சிக்னல் கரையிலிருந்து சுமார் 10 முதல் 12 கி.மீ. வரைதான் கிடைக்கும் என்று 2019-ல் மத்திய அரசே சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டு விதிப்படி விசைப்படகுகள் 5 கடல் மைலுக்கு அப்பால்தான் மீன்பிடிக்க வேண்டும். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஆக, 5 கடல் மைல் என்பது 9.26 கி.மீ.

அதாவது, சட்டப்படி வலை விடத் தொடங்கும் இடத்திலிருந்து ரெண்டு, மூணு கிலோமீட்டரில் சிக்னல் முடிந்துவிடும். அதற்கு மேல் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் படகில் 20,000 ரூபாய் போனும் 1,20,000 ரூபாய் போனும் ஒன்றுதான். இரண்டாலும் கால் பண்ண முடியாது.

அதனால் அந்த போனை 'பேசும் கருவி'யாக நினைக்காமல், இடம் காட்டும், கணக்கு எழுதும், மற்றக் கருவிகளில் வரும் செய்தியைத் திரையில் காட்டும் ஒரு கணினியாக நினைத்து வாங்குங்கள். பார்க்க வேண்டியவை: பெரிய பேட்டரி (5,000 எம்ஏஎச்-க்குக் குறையாமல்), வெயிலில் படிக்க முடிகிற பிரகாசமான திரை, நீர்ப் பாதுகாப்புச் சான்று, ப்ளூடூத், ஜிபிஎஸ்ஸோடு வேறு செயற்கைக்கோள் அமைப்புகளையும் படிக்கும் திறன். கேமராவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 5,000 ரூபாயை மிச்சம் பிடித்து, மிதக்கும் வாட்டர்ப்ரூஃப் பையும் ஒரு பவர் பேங்க்கும் வாங்கலாம்.

கரையை ஒட்டிப் போய் அன்றே திரும்பும் ஃபைபர் படகு என்றால் கதை கொஞ்சம் வேறு. அங்கே சிக்னல் பெரும்பாலும் இருக்கும். அவர்களுக்கு ஆன்டெனா நன்றாக வேலை செய்யும் சாதாரண போனே பெரிய உதவி.

2. சிக்னல் இல்லைன்னா ஜிபிஎஸ் எப்படி வேலை செய்யும்?

செய்யும். பலரும் இதைத் தவறாகத்தான் புரிந்து வைத்திருக்கிறார்கள். ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள் அனுப்புவதை உங்கள் போன் கேட்பது மட்டுமே. அதற்கு சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம். ஃப்ளைட் மோடில் போட்டு லொகேஷனை ஆன் செய்தாலும் இப்போதைய போன்கள் இடத்தைக் காட்டும்.

ஆனால் ஒரு விஷயம். கரையில் இருக்கும்போது எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவலை போன் இணையம் வழியாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நொடியில் இடம் காட்டுகிறது. கடலில் அந்தத் தகவலைச் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும். அது நொடிக்கு 50 பிட் வேகத்தில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முதல்முறை இடம் காட்ட சில நிமிடங்கள் ஆகலாம். போன் கெட்டுப்போச்சு என்று நினைத்து ஆஃப் செய்து ஆன் செய்தால் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது: துறைமுகத்தில் இருக்கும்போதே மேப் ஆப்பைத் திறந்து இடம் காட்டுகிறதா என்று பாருங்கள். தேவையான மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் போனதும் ஃப்ளைட் மோடில் போடுங்கள். இல்லாத டவரைத் தேடித் தேடியே பேட்டரி காலியாவது அப்போது நிற்கும்.

இன்னொன்று: ரோட்டுக்காகச் செய்த மேப் ஆப்களில் கடல் வெறும் நீல நிறம்தான். ஆழமோ பாறையோ தெரியாது. படகில் இருக்கும் ஜிபிஎஸ் பிளாட்டர், எக்கோ சவுண்டருக்கு போன் மாற்று ஆகாது.

3. போன் காட்டுற எண்ணும் படகு ஜிபிஎஸ் காட்டுற எண்ணும் வேற வேறயா இருக்கே?

முக்கியமான கேள்வி. உயிர் சம்பந்தப்பட்டதும்கூட. பெரும்பாலான போன் ஆப்கள் இடத்தை டிகிரியில், தசம எண்ணாகக் காட்டும். படகு ஜிபிஎஸ் வழக்கமாக டிகிரி, நிமிடம் என்று பிரித்துக் காட்டும்.

காசிமேட்டையே எடுத்துக்கொள்வோம். போனில் அட்சரேகை ஏறத்தாழ 13.125 என்று வரும். இதை நிமிடமாக மாற்ற, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60-ஆல் பெருக்க வேண்டும். 0.125 × 60 = 7.5. ஆக, சரியான அளவு 13 டிகிரி 7.5 நிமிடம். அவசரத்தில் ஒருவர் வயர்லெஸ்ஸில் '13 டிகிரி 12.5 நிமிடம்' என்று படித்துவிட்டால்? வித்தியாசம் 5 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல். அதாவது, தேடி வரும் படகு 9 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போய்த் தேடும்.

தீர்வு எளிது. போனில் உள்ள ஜிபிஎஸ் ஆப்பின் செட்டிங்ஸில் 'டிகிரி, நிமிடம்' வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, படகுக் கருவியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இதைக் கரையில் வைத்தே செய்துவிடுங்கள்.

4. 'நாவிக்' இருக்கிற போன்தான் வாங்கணுமா?

இருந்தால் நல்லது. இல்லை என்பதற்காக வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

நாவிக் என்பது இஸ்ரோவின் இடம் காட்டும் அமைப்பு. இந்தியாவையும் சுற்றி 1,500 கி.மீ. வரையும் உள்ள பகுதிக்கானது. நம் எண்ணூருக்கு வடக்கே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் 2013 முதல் இதன் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டு வருகின்றன. ஆரம்பத்தில் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டும் இயங்கியதால் பல போன்களால் அதைப் படிக்க முடியவில்லை. சாதாரண போன்களுக்கும் ஏற்ற எல்1 அலைவரிசை, 2023 மே மாதம் ஏவப்பட்ட என்விஎஸ்-01 செயற்கைக்கோளில்தான் வந்தது. அடுத்ததாக 2025 ஜனவரியில் ஏவப்பட்ட என்விஎஸ்-02 திட்டமிட்ட சுற்றுப்பாதையை அடையவில்லை.

இப்போதைய போன்கள் அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ எனப் பலவற்றைச் சேர்த்தே படிக்கின்றன. அதனால் நாவிக் கூடுதல் பலம், அவ்வளவுதான். 'நாவிக் போன் வாங்கினா நடுக்கடல்ல புயல் மெசேஜ் வரும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போனில் உள்ள நாவிக் சிப் இடத்தை மட்டும்தான் காட்டும். செய்திக்குத் தனிக் கருவி வேண்டும்.

5. அப்போ புயல் எச்சரிக்கை நடுக்கடலுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது நாடு முழுக்கக் கேட்ட கேள்வி இது. புயல் உருவாவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட கன்னியாகுமரி, கேரள மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அவர்களில் பலரிடமும் போன் இருந்திருக்கும். சிக்னல்தான் இல்லை.

அதற்குப் பிறகு வந்த கருவிகளில் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றின் வேலையும் வேறு.

ஜெமினி: ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கி, 2019 அக்டோபரில் வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல், அலை எச்சரிக்கையையும், மீன் கிடைக்கும் இடம் பற்றிய தகவலையும் வாங்கி, ப்ளூடூத் மூலம் உங்கள் போனுக்குத் தள்ளும். ஆனால் இது ஒருவழிப் பாதை. உங்களால் திருப்பி எதுவும் அனுப்ப முடியாது.

டிரான்ஸ்பாண்டர்: இஸ்ரோ தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது. ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கியது. இது இருவழி. ஆபத்து என்றால் படகிலிருந்து செய்தி அனுப்பலாம், கரையிலிருந்து எச்சரிக்கையும் வரும். சர்வதேச எல்லையை நெருங்கினாலும் சொல்லும். இதோடு இணைந்து போனில் இயங்கும் ஆப்பின் பெயர் நப்மித்ரா.

டிஏடி: ஆபத்து நேரத்தில் மட்டும் அழுத்தும் கருவி. 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. 20,000-க்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டுள்ளன என்கிறது இஸ்ரோ. பழைய கருவியில் பொத்தானை அழுத்தினால் செய்தி போனதா இல்லையா என்று தெரியாது. 2024 ஜனவரியில் இஸ்ரோ கொண்டுவந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் 'உங்கள் அழைப்பு கிடைத்தது' என்ற பதில் திரும்ப வரும். தத்தளித்துக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய தெம்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதையும் ப்ளூடூத்தில் போனோடு இணைத்து, செய்திகளை நம் மொழியில் படிக்கலாம்.

படகில் இவற்றில் எது இருக்கிறது, அது போனோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று அப்பாவிடம் இன்றைக்கே கேளுங்கள். இல்லையென்றால் மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். புது போன் வாங்குவதைவிட இது முக்கியம். போன் மாற்றினால் பழைய போனில் இருந்த இணைப்பும் ஆப்பும் போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

6. ஆன்லைன்ல சாட்டிலைட் கம்யூனிகேட்டர் வருதே, அதை வாங்கிக் கொடுத்துடலாமா?

வேண்டாம். இந்தியாவில் சாட்டிலைட் போனைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். துரயா, இரிடியம் கருவிகளுக்குத் தடை இருக்கிறது. இரிடியம் வழியாக இயங்கும் கையடக்க மெசேஜ் கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகளே விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். துபாய், சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கி வரச் சொல்லி, அவரை மாட்டிவிட்டுவிடாதீர்கள்.

சட்டப்படியான வழி, பிஎஸ்என்எல் மூலம் அனுமதியோடு பெறும் இன்மார்சாட் சேவை. ஐபோன் 14 முதல் வரும் சாட்டிலைட் எஸ்ஓஎஸ் வசதியையும் ஆப்பிள் இதுவரை இந்தியாவில் தரவில்லை. அமெரிக்க விளம்பரத்தைப் பார்த்து நம்பி வாங்க வேண்டாம்.

7. ஐபி68 போன் கடல் தண்ணியைத் தாங்குமா?

'ஐபி'க்குப் பின்னால் வரும் இரண்டு எண்களில் முதலாவது தூசிக்கானது, இரண்டாவது தண்ணீருக்கானது. 6 என்றால் தூசி உள்ளே போகாது. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். 8 என்றால் அதைவிட ஆழம். எவ்வளவு என்பதை நிறுவனம் சொல்லும். 9 என்றால் அழுத்தமாகப் பீய்ச்சும் சூடான நீரைத் தாங்கும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் சுத்தமான நல்ல தண்ணீரில் நடப்பவை. கடல் நீரில் லிட்டருக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். காய்ந்த பிறகும் உப்பு சார்ஜிங் போர்ட்டில் படிந்தே இருக்கும். கீழே விழுந்து விழுந்து, ஒன்றிரண்டு வருடத்தில் உள்ளே இருக்கும் ரப்பர் சீலும் தளர்ந்துவிடும். தண்ணீர் போனதற்கு வாரன்டியும் வழக்கமாகக் கிடையாது.

எனவே ஐபி68-ஐத் தெறிக்கும் தண்ணீருக்கான காப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகும் போனுக்குப் பை கட்டாயம். அந்தப் பையை வாங்கியதும் உள்ளே டிஷ்யூ பேப்பரை மட்டும் வைத்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கிப் பாருங்கள். பேப்பர் நனையவில்லை என்றால் மட்டும் போனை வையுங்கள்.

கடல் நீர் பட்டுவிட்டதா? உடனே ஆஃப் செய்யுங்கள். நீர்ப் பாதுகாப்புச் சான்றுள்ள, உடையாத போன் என்றால் நல்ல தண்ணீரில் லேசாக அலசித் துடைக்கலாம். சான்று இல்லாத போனை அலசாமல் துடைத்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். போர்ட் கீழே பார்த்தபடி வைத்து, காற்றோட்டத்தில் காயவிடுங்கள். முழுக்கக் காயும்வரை சார்ஜ் போடக் கூடாது. அரிசி டப்பாவில் புதைக்கும் பழக்கத்தை விடுங்கள். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிளே சொல்கிறது.

8. துறைமுக யார்டு வேலை. 'மிலிட்டரி கிரேடு' ரக்கட் போன் வாங்கலாமா?

'மில்-எஸ்டிடி-810' என்று பெட்டியில் போட்டிருப்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. விழுதல், அதிர்வு, வெப்பம், உப்புப் பனி எனப் பல சோதனைகள் அதில் உண்டு. எல்லாவற்றிலும் பாஸ் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்தெந்தச் சோதனை என்பதை நிறுவனமே தேர்ந்தெடுக்கலாம். எனவே 'எந்தச் சோதனை?' என்று கேளுங்கள். வடசென்னைக்கு உப்புப் பனி, தூசி, வெப்பம் மூன்றும் முக்கியம்.

கையுறையோடு வேலை பார்ப்பவர் என்றால் கையுறை மோடு இருக்கிறதா, பக்கவாட்டுப் பொத்தான்கள் தடவினாலே தெரிகிறதா என்று பாருங்கள். தண்ணீர்த் துளி விழுந்தால் டச் ஸ்கிரீன் அதையும் விரல் என்று நினைத்துக் குழம்பும். கன்டெய்னர் எண்ணையும் பார்கோடையும் நாள் முழுக்க ஸ்கேன் செய்யும் கருவிகளில் தனிப் பொத்தான் வைத்திருப்பது இதற்காகத்தான். வெயிலில் தெரியுமா என்பதைக் கடைக்கு வெளியே, ரோட்டில் நின்று சோதித்துப் பாருங்கள். கடை விளக்கில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும்.

லாரி ஓட்டுநர்கள் கவனிக்க: ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையான வெப்பநிலையில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சென்னையின் மே மாதம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். கண்ணாடிக்குக் கீழே மாட்டி, சார்ஜும் போட்டு, மேப்பும் ஓடினால் போன் தானாகவே வேகத்தைக் குறைக்கும், பேட்டரியின் ஆயுளும் குறையும். ஏசி காற்று வரும் இடத்துக்கு அருகில், வெயில் படாமல் மாட்டுங்கள்.

9. ரிஃபைனரி, எரிவாயு ஆலைக்குள்ள நம்ம போனை ஏன் விடறதில்லை? வாட்டர்ப்ரூஃப் போன்தானே?

தண்ணீர் புகாத போன், தீப்பொறி எழுப்பாத போன் ஆகிவிடாது. எரிவாயு கசியக்கூடிய இடங்களை ஸோன் 0, 1, 2 என்று பிரிப்பார்கள். எப்போதும் வாயு இருக்கும் இடம் 0, வழக்கமான வேலையின்போது வரக்கூடிய இடம் 1, அபூர்வமாக வந்து சீக்கிரம் போகும் இடம் 2. இங்கே பயன்படுத்தும் கருவிகள், பழுதானாலும் வாயுவைப் பற்றவைக்கும் அளவு மின்சக்தியோ வெப்பமோ வெளிவராதபடி வடிவமைக்கப்பட்டவை. சர்வதேச அளவில் ஐஇசிஇஎக்ஸ், ஐரோப்பாவில் ஏடெக்ஸ் சான்றுகள் உண்டு. இந்தியாவில் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ அமைப்பு ஒப்புதல் தரும்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை: 'சும்மா ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடு' என்று சூப்பர்வைசர் கேட்டாலும், சான்று பெற்ற கருவியை நிறுவனம் தந்தால் மட்டும் எடுங்கள். பவர் பேங்க், ஸ்மார்ட் வாட்ச், ப்ளூடூத் இயர்போனுக்கும் இதே விதிதான்.

ஆலைக்கு வெளியே வசிப்பவர்களுக்கும் போன் விஷயத்தில் ஒரு வேலை இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறி, கண் எரிச்சலோடு வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். இப்படியான நேரத்துக்காக, குறிப்பிட்ட டவர் எல்லையில் உள்ள எல்லா போன்களுக்கும் ஒரே நேரத்தில் அலறும் எச்சரிக்கை அனுப்பும் செல் பிராட்காஸ்ட் முறையை, அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டில் சோதித்துப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் பிடிக்காமல் அணைத்து வைத்தவர்கள் பலர். செட்டிங்ஸில் 'எமர்ஜென்சி அலர்ட்ஸ்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அதிகாரிகள் அனுப்பினால்தான் அது வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். மூக்கில் நெடி ஏறினால் போன் அலறட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

10. செகண்ட் ஹேண்ட் போன் வாங்கினா எதைப் பார்க்கணும்?

முதலில் *#06# அழுத்துங்கள். வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, கேஒய்எம் என்று மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஒரு இடைவெளி விட்டுச் சேர்த்து, 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டு போன் என்று முடக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். 2023 மே முதல் இயங்கும் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். உங்கள் போன் தொலைந்தால் முடக்கச் சொல்லும் இடமும் அதுதான்.

அடுத்து, திறந்து ரிப்பேர் செய்த போனில் ஐபி68 என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஐபோன் என்றால் சிம் டிரேயை வெளியே இழுத்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நிறம் தெரிந்தால் தண்ணீர் குடித்த போன். எந்த போனாக இருந்தாலும் சார்ஜிங் போர்ட்டில் பச்சை, வெள்ளைப் படிவு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கிளம்பும் முன் சேமிக்க வேண்டிய எண்கள்

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படை: 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமம்: 1093. எந்த அவசரத்துக்கும்: 112. இவை சிக்னல் இருக்கும் வரைதான். அதைத் தாண்டினால் விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் 16-வது சேனல், இல்லையென்றால் டிரான்ஸ்பாண்டர், டிஏடி. இந்த எண்களை போனில் சேமிப்பதோடு, பெயின்ட்டில் படகின் கேபினிலும் எழுதி வையுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் அது தெரியும்.